யாரும் அடிக்காத அடி

தன் புருஷனைத் தான் அடிக்கிற விஷயம் இன்ஸாஃபுக்கு ரொட்டிக்கடை வரிசையில் நிற்கும்போதுதான் தெரியவந்தது.

வெயில் ஏறுவதற்கு முன்பே பாலைவனக் காற்று கிளம்பி நபரோ ஊர்த் தெருக்களில் மண்ணை வாரி இறைத்துக்கொண்டிருந்தது. முக்காட்டு நுனியைப் பல்லில் கடித்தபடி நின்றாள் இன்ஸாஃப். முன்னால் நின்ற தையல்காரி வித்தாத் திரும்பி, அவள் வலது கையைத் தூக்கித் தன் உள்ளங்கையில் வைத்து எடை பார்த்தாள்.

"ஒண்ணும் அவ்வளவு கனமாத் தெரியலையே. எதைக்கொண்டு அடிச்சே? உப்பு அள்ளுற அகப்பையா?"

"யாரை?"

"யாரையாம்ல. உன் வீட்டுக்காரரைத்தான். சவரக்கடை கலால் ஊர் பூரா சொல்லிட்டுத் திரியுறான். துண்டு போடக் கழுத்துப் பட்டனைக் கழட்டினானாம். கழுத்தடி, தோள் எல்லாம் கத்திரிக்கா நிறத்துல கன்னிப் போயிருந்துச்சாம். என்னய்யா இதுன்னு கேட்டதுக்கு, என் பொண்டாட்டிக்குக் கை கொஞ்சம் கனம்னு சொல்லிச் சிரிச்சாராம்."

பின்னால் நின்ற கிழவி ஒருத்தி, "செய்யட்டும், செய்யட்டும்" என்றாள். "மீன் சீசன் நேரத்துல ஆம்பளைங்களை விட்டுப் பிடிச்சா வேலை நடக்குமா?"

வரிசை முழுக்கச் சிரித்தது. இன்ஸாஃபும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே யோசித்துப் பார்த்தால், புருஷனின் வெறுந்தோளைப் பார்த்துப் பல நாளாகிவிட்டது. புழுக்கத்திலும் நீளக்கை அங்கியோடு படுக்கிறான். குளிக்கப் போனால் தாழ்ப்பாள் போட்டுக்கொள்கிறான். கால் புண்ணின் கட்டைக் காட்டக் கூச்சப்பட்டுத் தனியாகக் குளிக்கிறான் என்றுதான் நினைத்திருந்தாள். சூடான ரொட்டிகளை மார்போடு அணைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகாமல் நேரே மீன் கொட்டகைக்கு நடந்தாள்.

அவள் புருஷன் ஷஹாத்தா மடவை மீனுக்கு உப்புப் போட்டு விற்கிறவன். அவன் தகப்பனும் அதே தொழில். ஊரே உப்பு மீன் தின்னும் வசந்தத் திருநாளுக்கு ஒரு மாதம் முன்பிருந்து அந்தத் தெருவே மீன் வாடையில் ஊறிக் கிடக்கும். அந்த வாடை பழகாதவன் தெருவுக்குள் வந்தால் மூக்கைப் பொத்துவான். பழகினவனுக்கு வாயூறும். போன குளிர்காலத்தில் நிறைந்த பீப்பாய் ஒன்று உருண்டு ஷஹாத்தாவின் இடது பாதத்தில் ஏறிவிட்டது. அவனுக்குச் சர்க்கரை உண்டு. அந்தச் சர்க்கரையே சிறுநீரகத்தையும் பாதிக்கு மேல் தின்றிருந்தது. புண் ஆறுவதற்குப் பதிலாக ஆழம் போனது. சாதாரண மருந்துக்கெல்லாம் அசையாத கிருமி உள்ளே குடியேறியிருப்பதாகப் பட்டணத்து ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். கொஞ்ச நாள் படுக்க வைத்திருந்துவிட்டு, காலையும் மாலையும் விழுங்க ஒரு மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள்.

அந்த மாத்திரை நல்ல மாத்திரை. சீழ் நின்றது, சிவப்பு வடிந்தது, ஓரத்திலிருந்து புதுத் தோல் ரோஜா இதழ்போல ஏறி வந்தது. டாக்டரம்மா இரண்டு விஷயம் மட்டும் சொல்லியிருந்தாள். வாராவாரம் வந்து ரத்தம் பார்க்க வேண்டும். மாத்திரை தின்கிற வரைக்கும் உப்பு மீன், பழைய பாலாடைக்கட்டி எதையும் நாக்கில் வைக்கக்கூடாது. முதல் வாரம் போனார்கள். அதற்குப் பிறகு ஏரியிலிருந்து மீன் வண்டிகள் வரத் தொடங்கிவிட்டன. புண்தான் மூடிக்கொண்டு வருகிறதே, எதற்கு ரத்தத்தை வீணாக்க வேண்டும் என்றான் ஷஹாத்தா. இன்ஸாஃபும் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. அவளுக்கும் வேலை தலைக்கு மேலே கிடந்தது.

கொட்டகையில் மடவைகள் கோரைப்பாயில் வரிசையாகக் கிடந்தன. உப்பிடுமுன் காற்றில் ஊதவிட்டதில் வயிறு புடைத்து, ஒவ்வொன்றும் மூச்சை இழுத்துப் பிடித்திருப்பதுபோல இருந்தது. ஷஹாத்தாவின் அக்கா நகிய்யா முக்காலியில் உட்கார்ந்து, மீன்களின் செவுளைப் பிளந்து கல்லுப்பைக் கட்டைவிரலால் திணித்துக்கொண்டிருந்தாள். திணித்த மீனை ஷஹாத்தா வாங்கிப் பீப்பாய்க்குள் தலைமாற்றி அடுக்கினான். ஒரு வரிசை மீன், ஒரு வரிசை உப்பு.

"வந்துட்டாளா அடிக்கிறவ" என்றாள் நகிய்யா, கை நிற்காமல். "உங்கப்பன் வீட்டுல வளர்த்த வளர்ப்பு அப்படி. புருஷனை அடிச்சா கை வெந்து போகும்டி."

"மதினி, வாயை மூடிட்டு உப்பைத் திணிங்க" என்றாள் இன்ஸாஃப். ரொட்டியை மூட்டைமேல் வைத்துவிட்டுப் புருஷன் பக்கம் திரும்பினாள். "கையைக் காட்டு."

"எதுக்கு?"

"நான் அடிச்ச அடி எப்படி விழுந்திருக்குன்னு பார்க்கணும்."

அவன் நழுவப் பார்த்தான். அவள் அவன் அங்கியின் கையைப் பிடித்துத் தோள்வரை சுருட்டினாள். உள்ளங்கை அகலத்துக்குக் கருநீலத் திட்டுகள், ஓரத்தில் மஞ்சள் பாரித்து. சட்டென்று குனிந்து அங்கியின் அடியைத் தூக்கினாள். கெண்டைக்காலில் கேழ்வரகைத் தெளித்துவிட்டாற்போலச் சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகள்.

"என்னய்யா இது?"

"பீப்பாய் இடிச்சது."

"பீப்பாய் புள்ளி வச்சுக் கோலம் போடுமா?"

பதில் சொல்ல வாயைத் திறந்தவன் மூக்கைத் துடைத்தான். புறங்கை சிவந்தது. ஒரு சொட்டு, பிறகு இன்னொன்று, அள்ளி வைத்திருந்த வெள்ளை உப்பின்மேல் விழுந்து உள்ளே இறங்கியது. நகிய்யா எழுந்து ஓடிவந்து அவன் தலையை நிமிர்த்தினாள். வெங்காயத்தை உடைத்து முகரச் சொன்னாள். நெற்றியில் ஈரத்துணி போட்டாள். ரத்தம் நிற்கவில்லை. சாதாரணமாக மூக்கு உடைந்தால் வடிகிற வேகம்கூட அதற்கு இல்லை. நிதானமாக, நிற்கிற உத்தேசமே இல்லாமல் வந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் இன்ஸாஃப் அவனைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டாள்.

"ஹம்தியைக் கூப்பிடுங்க மதினி. வண்டியைக் கொண்டுவரச் சொல்லுங்க."

"நாளைக்குப் பீப்பாய் திறக்கணும்" என்றான் ஷஹாத்தா, துணிக்குள்ளிருந்து. "நான் இல்லாம யாரு பார்க்குறது?"

"நீ இருந்தாத்தானே பார்க்குறதுக்கு. ஏறு."

ஹம்தி அவர்களுடைய ஒரே மகன். பட்டணத்துக்கும் ஊருக்கும் சின்னப் பயணி வண்டி ஓட்டுகிறான். ஏறியிருந்த ஆட்களை இறக்கிவிட்டு அப்பனையும் அம்மாவையும் ஏற்றிக்கொண்டான். வாய்க்கால் ஓரமாக வண்டி பறந்தது. இரண்டு பக்கமும் தீவனப்புல் பச்சைப்பசேலென்று காற்றில் சாய்ந்து கிடந்தது. மூக்கைப் பிடித்துக்கொண்டே ஷஹாத்தா சன்னல் பக்கம் சாய்ந்திருந்தான். பிறகு, "இன்ஸாஃப்" என்றான்.

"சொல்லு."

"நான் நக்கிப் பார்த்தேன்."

"எதை?"

"மீனைத்தான். டாக்டரம்மா தொடக்கூடாதுன்னாங்கல்ல. உப்பு பிடிச்சிருக்கான்னு தெரியாம எப்படி விக்கிறது? ஒரு விரல் நுனிதான். அதுக்குத்தான் உடம்பு இப்படிப் பண்ணுது."

"ஒரு விரல் நுனியா?"

"பீப்பாய்க்கு ஒரு விரல் நுனி."

முன்னால் வண்டி ஓட்டிக்கொண்டிருந்த ஹம்தி, "யப்பா, கொட்டகை நிறையப் பீப்பாய் இருக்கே" என்றான்.

"நீ ரோட்டைப் பாரு."

இன்ஸாஃப் அவன் முகத்தையே பார்த்தாள். "இதை மறைக்கத்தான் ஊருக்கு முன்னால என்னை அடிக்கிறவளா ஆக்கினியா?"

"கலால் கேட்டப்ப வேற எதுவும் வாயில வரல. தெரிஞ்சா நீ என்னைப் பீப்பாய்ப் பக்கமே அண்ட விடமாட்டே. அதுவுமில்லாம..." அவன் துணியை விலக்கினான். மூக்கில் இன்னும் சிவப்பாகக் கசிந்தது. "அதுக்கப்புறம் ஊருல உனக்கு மரியாதை கூடிருச்சு. கறிக்கடைக்காரன்கூட இப்பல்லாம் எலும்பு போடாம நிறுத்துக் குடுக்குறான், கவனிச்சியா?"

அவள் திட்ட வாயெடுத்தாள். அதற்குள் சிரிப்பு முந்திக்கொண்டது. அவன் துணியை வாங்கி மடிப்பு மாற்றி அவன் மூக்கில் அவளே அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் மூக்கில் பஞ்சு அடைத்தார்கள். ரத்தம் எடுத்தார்கள். ஊசி குத்திய இடத்தில் கட்டுப் போட்டும் அது நனைந்தது. கன்னிப்போன தோளைப் பார்த்த நர்ஸ் ஒரு மாதிரியாக இன்ஸாஃபைப் பார்த்தாள். "அம்மா, நீங்க கொஞ்சம் வெளிய இருங்க" என்று திரையை இழுத்துவிட்டாள். துணித்திரைதானே. எல்லாமே காதில் விழுந்தது.

"ஹாஜி, பயப்படாம சொல்லுங்க. வீட்டுல யாராவது உங்களை அடிக்கிறாங்களா?"

வெளியே இன்ஸாஃப் திரையை ஒட்டி நகர்ந்து நின்றாள்.

"இல்ல மகளே" என்றது ஷஹாத்தாவின் குரல். அறையில் கிடந்த மற்ற நோயாளிகளுக்கும் கேட்கட்டும் என்பதுபோல உரத்து வந்தது. "என் பொண்டாட்டி என்னை ஒரு நாளும் அடிச்சதில்ல. கல்யாணமான புதுசுல ஒரே ஒரு தடவை செருப்பை எறிஞ்சா. அதுவும் குறி தப்பிருச்சு."

"குறி தப்பல" என்றாள் இன்ஸாஃப் திரைக்கு வெளியிலிருந்து. "வேணும்னுதான் தள்ளி எறிஞ்சேன்."

பக்கத்துக் கட்டிலில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்த கிழவருக்குச் சிரிப்புத் தாங்காமல் இருமல் வந்துவிட்டது.

டாக்டர் ஷஹீரா வந்தபோது அந்தச் சிரிப்பு அடங்கியது. சின்ன உருவம், கண்ணாடி, தூங்காத கண். கையில் ரத்தப் பரிசோதனை முடிவு இருந்தது. அவள் அதைப் படித்துக்காட்டவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"ஹாஜி, மீனை நக்கினதால இது வரல. மீனும் மாத்திரையும் ஒத்துக்காம போயிருந்தா ரத்தக்கொதிப்பு ஏறித் தலை தெறிச்சிருக்கும். எப்படியோ தப்பிச்சிருக்கீங்க, இனிமே அந்த விளையாட்டு வேண்டாம். இது மாத்திரையால வந்தது."

"நல்லாக்கின மாத்திரையா?"

"அதேதான். காயம் பட்டா ரத்தம் உறைஞ்சு நிக்குதுல்ல, அதுக்குத் தட்டணுன்னு ரத்தத்துல இருக்கு. சின்ன ஓட்டையை எல்லாம் ஓடிப்போய் அடைக்கிறது அதுதான். சாதாரணமா ஒன்றரை லட்சத்துக்கு மேல இருக்கணும். உங்களுக்கு இருபத்தெட்டாயிரம் இருக்கு. அடைக்க ஆளில்லாததால, லேசா இடிச்சாலும் தோலுக்கு அடியில கசியுது. மூக்குலயும் கசியுது."

"மாத்திரை அதைப் போய் ஏன் தொடுது?" என்று கேட்டாள் இன்ஸாஃப்.

"சிறுநீரகம் நல்லா இருந்தா மாத்திரையும் அதோட கழிவும் வெளிய போய்க்கிட்டே இருக்கும். இவருக்கு அது உள்ளயே தேங்குது. தேங்கித் தேங்கி, எலும்புக்குள்ள தட்டணு உண்டாகுற இடத்தை அமுக்கிருது. எல்லாருக்கும் ஆகாது. சிறுநீரகம் கெட்டவங்களுக்குத்தான் அதிகமா ஆகுது. அதுக்குத்தான் வாராவாரம் வாங்கன்னு சொன்னேன்."

"மீன் வண்டி வந்துருச்சு டாக்டரம்மா" என்றான் ஷஹாத்தா.

"மீன் வருஷா வருஷம் வரும்" என்றாள் டாக்டர். கடுமையாகச் சொல்லவில்லை. "இந்த மாத்திரையை இன்னையோட நிறுத்துறேன். புண்ணு பெரும்பாலும் ஆறிருச்சு, மிச்சத்துக்கு வேற மருந்து இருக்கு. நிறுத்தினா தட்டணு தானா ஏறும். சட்டுனு ஏறாது, கொஞ்ச நாள் ஆகும். அதுவரைக்கும் இங்கேயே இருங்க. எழுந்தா யாராவது பிடிச்சுக்கணும். சவரக்கத்தி கிடையாது. கீழே விழுந்து தலையில அடிபட்டுச்சுன்னா உள்ள கசியும். அதை வெளியில இருந்து பஞ்சு வச்சு அடைக்க முடியாது."

டாக்டர் போன பிறகு இன்ஸாஃப் கட்டிலின் இரும்புச் சட்டத்தைத் தடவிப் பார்த்தாள். தன் முக்காட்டைக் கழற்றி மடித்து, அவன் தலைமாட்டில் சட்டத்தைச் சுற்றிக் கட்டினாள். மீன் மூட்டை கட்டுகிறவளின் முடிச்சு, அவிழாது. பையிலிருந்து வேறொரு துணியை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள். அவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ரெண்டாம் வாரம் நானே உன்னை இழுத்துட்டு வந்திருக்கணும்" என்றாள்.

"நான் வந்திருக்க மாட்டேன்."

"அதுக்குத்தான் இழுத்துட்டுன்னு சொன்னேன்."

மறுநாள் காலையில் ஹம்தியை அப்பனோடு விட்டுவிட்டு அவள் ஊர் திரும்பினாள். பீப்பாய்களைத் திறந்தே ஆக வேண்டும். கெட்டுப்போன உப்பு மடவை வெறும் வயிற்றுவலியோடு விடாது, ஆளையே கொண்டுபோய்விடும். அதனால்தான் ஜனம் முகம் தெரிந்த ஆளிடம் வாங்குகிறது. இத்தனை வருஷமும் அந்த முகம் ஷஹாத்தாவுடையது. இன்ஸாஃப் மீன் கழுவியிருக்கிறாள், உப்புத் திணித்திருக்கிறாள், விற்றிருக்கிறாள். ஆனால் மூடியைத் திறந்து 'சரி' என்று சொன்னதில்லை.

நகிய்யா கொட்டகை வாசலிலேயே காத்திருந்தாள். ராத்திரி தூங்காத முகம். "நிஜமாவே நீ அடிக்கலையா?" என்றாள்.

"இல்ல மதினி. மாத்திரை."

"உனக்குக் கை வெந்து போகும்னுட்டேனே."

"உப்புத் திணிச்சுத் திணிச்சு வெந்து போன கைதானே. விடுங்க, வந்து மூடியைப் பிடிங்க."

தொலைபேசியை உப்பு மூட்டைமேல் சாய்த்து வைத்தார்கள். மறுமுனையில் ஷஹாத்தா. அவனுக்குப் பின்னால் அந்த வார்டே கேட்டுக்கொண்டிருந்தது.

"முதல் மூடியைத் திற. மூக்கைக் கிட்ட கொண்டு போகாதே. வாடை தானா வரட்டும்."

"வந்துச்சு."

"எப்படி?"

"காரமா. மூக்கு நுனியில குத்துது. அடியில வெண்ணெய் மாதிரி."

"வயித்தை அமுக்கு."

"திரும்பி எழும்புது."

"பிளந்து பாரு. முள்ளை ஒட்டி?"

"ரோஜா நிறம்."

ஷஹாத்தா பெருமூச்சு விட்டது மூட்டைவரைக்கும் கேட்டது. "எனக்கே வாயூறுது" என்றார் அந்தப் பக்கத்துக் கட்டில் கிழவர். "அதுல எனக்கு ரெண்டு எடுத்து வைக்கச் சொல்லுப்பா." யாரோ ஒரு நர்ஸ், "உங்களுக்கு உப்பே ஆகாது தாத்தா" என்று அதட்டினாள்.

இப்படியே ஒவ்வொன்றாகத் திறந்தார்கள். சுவரோரம் இருந்த பெரிய பீப்பாய்தான் சங்கடம் பண்ணியது. வாடை மோசமில்லை. நகிய்யா நல்லாத்தான் இருக்கு என்றாள். இன்ஸாஃபுக்கு மட்டும் ஏதோ உறுத்தியது. ஒரு மீனைப் பிளந்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"முள்ளை ஒட்டி லேசாச் சாம்பல் பூத்த மாதிரி இருக்கு."

"லேசான்னா?"

"இருக்கா இல்லையாங்கிற மாதிரி."

"வெளிச்சத்துனால அப்படித் தெரியும். அந்தப் பீப்பாய்தான் இருக்கிறதுலயே பெரிய மீன்." ஷஹாத்தா தயங்கினான். "நான் இருந்தா..."

"நீ இருந்தா ஒரு விரல் நுனி நக்கிப் பார்த்துருப்பே."

"ஆமா."

"நான் நக்கப் போறதில்ல. குழி தோண்டப் போறேன்."

நகிய்யா வாயில் கைவைத்துக்கொண்டு நின்றாள்.

"ஆழமாத் தோண்டு" என்றான் ஷஹாத்தா கடைசியில். "நாய் பறிச்சிரும்."

நாத்தனாரும் அவளும் பின்கட்டில் குழி வெட்டினார்கள். நகிய்யா கடப்பாரை போட, இன்ஸாஃப் மண் அள்ளினாள். பீப்பாயைக் கவிழ்த்துச் சுண்ணாம்பு தூவி மூடியபோது இருவருக்கும் அங்கி முதுகோடு ஒட்டியிருந்தது. நகிய்யா மண்வெட்டியில் சாய்ந்து நின்று, "இவ்வளவு மீனை அவன் ஒரு நாளும் புதைச்சதில்ல" என்றாள். குரலில் குறை சொல்வதுபோலவும் இருந்தது, மெச்சுவதுபோலவும் இருந்தது. பிறகு உள்ளே போய் இரண்டு தம்ளரில் கறுப்புத் தேநீர் போட்டுக்கொண்டு வந்தாள். இன்ஸாஃபுக்கு நாத்தனார் கையால் தேநீர் கிடைத்தது அதுவே முதல் தடவை. சர்க்கரை கூடிப்போயிருந்தது. ஒன்றும் சொல்லாமல் குடித்தாள்.

முதல் சில நாள் தட்டணுவில் ஏற்றமே இல்லை. ஒருநாள் இன்னும் கொஞ்சம் இறங்கக்கூடச் செய்தது. அன்றைக்கு இன்ஸாஃப் கடையில் மீன் எடுத்துக் கொடுத்துக்கொண்டே வாய்க்குள் ஓதிக்கொண்டிருந்தாள். கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னாள். ஆட்கள் அவளைத் திட்டவில்லை. விஷயம் ஊருக்கு எட்டியிருந்தது. வித்தாத் மட்டும், "நீ அடிச்சிருந்தாக்கூட இதைவிடத் தேவலையா இருந்திருக்குமே" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

திருநாளுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை கடை முன்னால் கூட்டம் வீதியை அடைத்துக்கொண்டு நின்றது. எலுமிச்சையும் வெங்காயத்தாளும் சுமந்தபடி ஜனம் நெருக்கித் தள்ளியது. அந்த இரைச்சலில் தொலைபேசி அடித்தது. இன்ஸாஃபின் இரண்டு கையும் உப்பு. நகிய்யாதான் எடுத்து அவள் காதில் வைத்தாள்.

"யம்மா, தொண்ணூறாயிரம் தாண்டிருச்சு" என்று கத்தினான் ஹம்தி. முன்வரிசைக்கே கேட்டது.

"எது, மீனா?" என்று பதறினார் கூடையோடு நின்ற ஒருவர்.

"மீன் இல்லய்யா, என் தம்பி ரத்தம்" என்றாள் நகிய்யா. அத்தனை பேருக்கு நடுவில் கையைத் தட்டிக் குலவையிட்டாள். தட்டணு என்றால் என்னவென்று கூட்டத்தில் பாதிப் பேருக்குத் தெரியாது. தெரியாதவர்களும் சேர்ந்து குலவையிட்டார்கள்.

அன்று சாயங்காலமே ஷஹாத்தாவை வீட்டுக்கு அனுப்பினார்கள். வாராவாரம் ரத்தம் பார்க்க வருவதாக இந்தத் தடவை வாக்குக் கொடுத்தது இன்ஸாஃப்தான். அவனை யாரும் கேட்கவே இல்லை.

மறுநாள் திருநாள். விடிந்ததும் ஊரே வாய்க்கால் கரைக்கு வந்துவிட்டது. பிள்ளைகள் சாயம் பூசிய முட்டைகளை உருட்டி விளையாடின. மண்காற்று ஓய்ந்து, வானம் கழுவிவிட்டாற்போல இருந்தது. மல்பெரி மரத்தடியில் பாயை விரித்து, ஷஹாத்தாவை நடுவில் உட்கார வைத்து இரண்டு பக்கமும் தலையணை கொடுத்தார்கள். அவன் கையிலிருந்த திட்டுகள் பழுத்த எலுமிச்சை நிறத்துக்கு வந்திருந்தன. போகிற வருகிறவர்களெல்லாம் நின்று நலம் விசாரித்தார்கள்.

அவனுக்கென்று முட்டையின் வெள்ளையும், உப்பில்லாத ரொட்டியும், இரண்டு இணுக்குக் கீரையும் தனித் தட்டில் இருந்தன. சிறுநீரகத்துக்கு உப்பே ஆகாதென்று டாக்டரம்மா எழுதித் தந்தது அவ்வளவுதான். மடவையைப் பிளந்து எலுமிச்சை பிழிந்து வைத்தாள் நகிய்யா. ஹம்தி பாயத் தயாராக இருந்தான். இன்ஸாஃப் தன் தட்டையும் ஷஹாத்தாவைப்போலவே வெறும் ரொட்டியோடு வைத்திருந்தாள்.

"நீ ஏன் எடுக்கல?" என்றான் ஷஹாத்தா.

"எனக்குப் பசியில்ல."

"பொய் சொல்லாதே. நீ சரின்னு சொன்ன மீன். நீ தின்னாம யாரு தின்னுறது?"

அவள் அவனைப் பார்த்தாள். பிறகு ஒரு துண்டு ரொட்டியைக் கிழித்து, மீனைக் கிள்ளி வைத்து, வெங்காயத்தாளைச் சுற்றி வாயில் போட்டாள். நகிய்யாவும் ஹம்தியும் கையை நிறுத்திக்கொண்டு அவள் வாயையே பார்த்தார்கள்.

"எப்படி இருக்கு?"

"கொஞ்சம் உப்புக் குறைச்சல்தான்" என்றாள் இன்ஸாஃப், முகத்தைச் சுளித்து. "இந்த வருஷம் அவ்வளவு சரியில்ல. நீ திங்காததே நல்லது."

ஷஹாத்தா தலையணையை விட்டு நிமிர்ந்தான். அவள் தாடை அசைவதை, கண் தன்னையறியாமல் செருகுவதை, எலுமிச்சை வழிந்த விரலை அவள் நக்குவதைக் கூர்ந்து பார்த்தான். நிறைந்த பீப்பாய்க்கு முன்னால் நிற்கும்போது அவன் முகம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. மெல்ல அது சிரிப்பாக அவிழ்ந்தது. மறுபடியும் சாய்ந்துகொண்டு ஒரு கீரை இணுக்கை எடுத்துக் கடித்தான்.

"இன்னொரு வாய் எடு" என்றான். "இந்தத் தடவை மெதுவா மெல்லு."